இரண்டு பட்டன்களின் கதை: பின்போலும் நம்மட விரல்களும்

பின்போல் எண்டதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வாறது பழைய வின்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டரில் கிடந்த 'ஸ்பேஸ் கடெட்' விளையாட்டுத்தான். இசட் விசையைத் தட்டினால் இடது 'ஃபிளிப்பர்' எழும்பும், சாய்கோட்டு விசையைத் தட்டினால் வலது. கீழே விழப்போகும் குண்டைக் காப்பாற்ற முக்கியமாக அந்த இரண்டும்தான். மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நாம் அதைத் துடுப்பு எண்டே சொல்லிக்கொள்ளலாம்.

இப்ப பலர் ஒரு பழைய டிவி, ஒரு கொம்பியூட்டர், நாலு பலகையை வைத்து வீட்டிலேயே 'வேர்ச்சுவல் பின்போல்' பெட்டி செய்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ரேண்டி டேவிஸ் வெளியிட்ட 'விசுவல் பின்போல்' மென்பொருள்தான் இதற்கு வழி திறந்தது. பெட்டி செய்யும்போது பட்டனுக்குத் துளை போடும் இடத்தில் ஒரு கேள்வி வரும்: ஏன் இரண்டு பக்கப் பலகைகளிலும் போட வேண்டும்? கீபோர்ட் மாதிரி மேலே வைத்தால் என்ன?

பதில் வரலாற்றில் இருக்கிறது. 1931இல் சிகாகோவின் டேவிட் கொட்லீப் 'பஃபிள் போல்' என்ற மெசினைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதில் பட்டனே இல்லை. காசு போட்டு, ஸ்பிரிங் தடியை இழுத்து விட்டால் குண்டு ஆணிகளில் முட்டி முட்டி ஏதோவொரு குழியில் விழும். ஆட்டக்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பெட்டியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக் குலுக்குவது. மிச்சமெல்லாம் அதிர்ஷ்டம். பந்தயமும் பரிசுக் காசும் சேர்ந்ததால் அது சூதாட்டம் எனப்பட்டது. 1942இல் நியூயோர்க் மேயர் லா கார்டியா பின்போலைத் தடைசெய்தார். பிடிபட்ட மெசின்களைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள்.

1947இல் கொட்லீப் கம்பனியின் ஹரி மாப்ஸ் வடிவமைத்த 'ஹம்ப்டி டம்ப்டி' வந்தது. ஆறு துடுப்புகள், பக்கத்துக்கொரு பட்டன். கை ஏற்கெனவே பெட்டியைப் பிடித்திருக்கும் இடம் அதுதானே! அடுத்த வருடம் ஸ்டீவ் கோர்டெக் 'டிரிபிள் அக்ஷன்' மெசினில் துடுப்புகளை இரண்டாகக் குறைத்து அடியில் வைத்தார். இன்றும் அதுதான் அமைப்பு.

இந்த இரண்டு பட்டன்கள் விளையாட்டின் குணத்தையே மாற்றின. ஆனால் சட்டம் அதைக் கவனிக்க 1976 வரை ஆனது. அந்த வருடம் நியூயோர்க் நகரசபைக் குழுவின் முன்னால் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் மெசினில் ஆடிக் காட்டினார். குண்டு எந்த வழியால் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு விட்டார். அது அப்படியே போனது. தடை நீங்கியது. 'திறமையா, அதிர்ஷ்டமா?' என்ற அதே கேள்வி ஒன்லைன் ரம்மி வழக்கில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியைத் திறமை விளையாட்டு என்றது.

இனி வயரிங். பழைய மெசினில் துடுப்பை இயக்கும் சுருளுக்கான கரண்ட் பட்டனின் பின்னால் உள்ள தகட்டுச் சுவிட்ச் வழியாகவே பாயும். அழுத்தும்போது பொறி பறக்கும், தகட்டு முனைகள் கருகும். 1990களில் அந்த வேலையை மின்னணுப் பலகை எடுத்துக்கொண்டது. பட்டன் வெறும் சைகை மட்டும் அனுப்பியது. வீட்டுப் பெட்டியில் அதுவும் சுருங்கி, 5 வோல்ட்டில் ஒரு கீபோர்ட் விசையைத் தட்டியதாகக் கொம்பியூட்டருக்குச் சொல்கிறது.

முறை எளிது. மைக்ரோ சுவிட்சில் மூன்று கால்கள்: பொது, திறந்தது, மூடியது. எல்லாப் பட்டன்களின் பொதுக் காலையும் ஒரே வயரால் கோர்த்து, யூஎஸ்பி என்கோடர் பலகையின் கிரவுண்டில் கொடுக்க வேண்டும். 'திறந்த' கால் ஒவ்வொன்றிலிருந்தும் தனி வயர் பலகைக்குப் போகும். 'மூடிய' காலில் மாட்டினால் எல்லாம் தலைகீழ்: அழுத்தாதபோது துடுப்பு தூக்கியே நிற்கும். ஆர்கேட் பட்டனுக்கு 28 அல்லது 30 மில்லிமீற்றர் துளை வேண்டும். வாங்கிய பட்டனை அளந்த பிறகே துளைக்கவும். பலகையின் இரு முகத்திலும் டேப் ஒட்டித் துளைத்தால் விளிம்பு அவ்வளவாகப் பிய்யாது. நம்மட பக்கத்து உப்புக்காற்றில் திறந்து கிடக்கும் செம்பில் பச்சை பூக்கும். ஆகவே வயரை முறுக்கி மட்டும் விடாமல் ஈயம் பற்றவைத்து, மேலே சுருங்கும் குழாய் போடுங்க.

இவ்வளவு கவனம் எதற்கு? அழுத்திய கணத்துக்கும் துடுப்பு எழும் கணத்துக்கும் இடைவெளி கூடினால் திறமைக்கு அங்கே வேலையில்லை. விளையாட்டு திரும்பவும் 1931க்குப் போய்விடும்.

இன்று நம்மட போனில் வரும் சுழற்றும் விளையாட்டுகளிலும் பந்தய ஆப்புகளிலும் பளபளக்கும் பட்டன்கள் இருக்கு. அழுத்தினால் சத்தம் வரும், வெளிச்சம் வரும். அதன் வயர் மறுபக்கத்தில் ஒரு துடுப்போடு இணைந்திருக்கா, அல்லது நம்மட காசோடு மட்டுமா? அழுத்த முதல் அதைக் கேட்டுப் பாருங்க.