டாடா இன்ஸ்டிடியூட்: பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி. பிறந்த கதை

போன விடுமுறையில் பெங்களூர் போயிருந்தபோது, மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் ஏறி "இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் சயின்ஸ் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு "டாடா இன்ஸ்டிடியூட்டா?" என்றார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர்தான் "ரெண்டும் ஒண்ணுதாம்பா" என்று காப்பாற்றினார். இறங்கிப் பார்த்தால் வாசலில் டாடா பெயர் இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பெயர்தான். ஏன் என்று தேடப் போய், கொஞ்சம் கொஞ்சமாகப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

நம் வகுப்பில் கேட் தேர்வுக்குத் தயாராகும் நண்பர்களுக்கு ஐ.ஐ.எஸ்.சி. என்றால் ஒரு கட்-ஆஃப் மதிப்பெண். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த இடம் உருவாவதற்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேல் ஒரு இழுபறி நடந்தது என்பது பாடப்புத்தகத்தில் எங்கும் இல்லை.

1890களில் இந்தியாவில் இருந்த பல்கலைக்கழகங்கள் மொத்தம் ஐந்து: கல்கத்தா, பம்பாய், சென்னை, பஞ்சாப், அலகாபாத். இவற்றின் முக்கிய வேலை பரீட்சை நடத்துவதும் பட்டம் கொடுப்பதும்தான். பாடம் நடந்தது கல்லூரிகளில். ஆராய்ச்சி என்பது யாராவது ஒரு பேராசிரியர் தன் சொந்த ஆர்வத்தில் செய்தால் உண்டு. பம்பாயில் பருத்தி ஆலைகளால் பணக்காரரான ஜம்செட்ஜி டாடா இதைப் பார்த்து, பட்டம் வாங்கியவர்கள் வந்து ஆராய்ச்சி செய்ய ஒரு தனி நிறுவனம் வேண்டும் என்று நினைத்தார். 1893ல் ஜப்பானில் இருந்து கனடா போன கப்பலில் அவரும் விவேகானந்தரும் சேர்ந்து பயணம் செய்ததும், 1898 நவம்பரில் இந்தத் திட்டத்துக்கு ஆதரவு கேட்டு டாடா அவருக்குக் கடிதம் எழுதியதும் பலருக்குத் தெரிந்த கதை. எனக்கு அதைவிட ஆச்சரியமாக இருந்தது பணத்தின் கணக்கு. பம்பாயில் இருந்த 14 கட்டிடங்களையும் நான்கு நிலச் சொத்துக்களையும் எழுதித் தர டாடா முன்வந்தார். அன்றைய மதிப்பு சுமார் 30 லட்ச ரூபாய். ஏறக்குறைய அவருடைய சொந்தச் சொத்தில் பாதி என்கிறார்கள்.

திட்டத்தை எழுதியவர் பர்ஜோர்ஜி பாட்ஷா. டாடா அவரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பி, அங்குள்ள பல்கலைக்கழகங்கள் எப்படி நடக்கின்றன என்று நேரில் பார்த்து வரச் செய்தார். அவர் போட்ட திட்டத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன. அறிவியல்-தொழில்நுட்பம் ஒன்று, மருத்துவம் ஒன்று, தத்துவமும் கல்வியும் சேர்ந்து ஒன்று. (மருத்துவம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.)

1898 டிசம்பர் 30ந் தேதி புது வைஸ்ராய் கர்சன் பம்பாயில் வந்து இறங்கினார். மறுநாளே இந்தத் திட்டத்தோடு ஒரு குழு அவரைப் போய்ப் பார்த்தது. கர்சன் உற்சாகம் காட்டவில்லை. அவருக்கு இரண்டு சந்தேகம். இவ்வளவு மேல்படிப்புக்கு மாணவர்கள் வருவார்களா? வந்தாலும் படித்து முடித்தபின் அவர்களுக்கு எங்கே வேலை இருக்கிறது? இரண்டாவது கேள்வி நமக்கெல்லாம் நன்றாகவே தெரிந்ததுதான். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு மாமா அதைத்தான் கேட்கிறார் :-) ஆனால் நியாயமாகச் சொன்னால் கர்சனின் கேள்வி முட்டாள்தனமானது இல்லை. அன்று இந்தியாவில் வேதியியல் ஆராய்ச்சியாளரை வேலைக்கு வைக்கும் தொழிற்சாலை எத்தனை இருந்திருக்கும்? நிறுவனம் முதலா, தொழில் முதலா என்ற கேள்வி அது. டாடா நிறுவனம் முதல் என்றார். அப்படி இருந்தால் எந்தத் தொழில் வரும் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

அரசு கருத்துக் கேட்க லண்டனில் இருந்து வில்லியம் ராம்சே வந்தார். மந்த வாயுக்களைக் கண்டுபிடித்து 1904ல் நோபல் பரிசு வாங்கிய அதே ராம்சே. 1900ல் சில வாரங்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெங்களூர்தான் சரியான இடம் என்று சொன்னார். பெங்களூரின் தட்பவெப்பம் ஒரு காரணம் என்றால், மைசூர் சமஸ்தானம் காட்டிய அக்கறை இன்னொரு காரணம். அப்போது மகாராஜா சிறுவர், தாயார் மகாராணி வாணி விலாச சன்னிதானம்தான் ஆட்சியைக் கவனித்தார். திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். சமஸ்தானம் 371 ஏக்கர் நிலமும், கட்டிடத்துக்குப் பணமும், வருடா வருடம் மானியமும் தந்தது. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்தைத் தொடங்கி வைத்ததும் இதே சேஷாத்ரி ஐயர்தான். 1902ல் அங்கிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போக ஆரம்பித்தது. மின்சாரம் படிக்க இதைவிட நல்ல ஊர் அன்று இந்தியாவில் இருந்திருக்காது.

அரசுக்கு அப்போதும் திருப்தி வரவில்லை. இன்னொரு குழு, இன்னொரு அறிக்கை, கடிதத்துக்கு மேல் கடிதம். 1904 மே 19ந் தேதி ஜெர்மனியில் ஜம்செட்ஜி டாடா இறந்துபோனார். ஒரு செங்கல்கூட வைத்திருக்கவில்லை. அவர் மகன்கள் தோராப்ஜியும் ரத்தனும் 'அப்பாவோடு முடிந்தது' என்று சொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1909 மே 27ல் அரசாணை வந்தது. ராம்சேயோடு சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் கண்டுபிடித்த மாரிஸ் டிராவர்ஸ் முதல் இயக்குநர். 1911ல் முதல் அணியில் சேர்ந்தவர்கள் 24 பேர். வேதியியலும் மின் தொழில்நுட்பமும்தான் ஆரம்பப் படிப்புகள். பாட்ஷாவின் மூன்று பிரிவில் ஒன்றுதான் மிஞ்சியது.

கர்சனின் கேள்விக்கு முதல் பதில் சந்தனக் கட்டையில் வந்தது. மைசூர் காட்டுச் சந்தன மரங்கள் ஏலத்தில் போய் ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியில், எண்ணெயாக வடிக்கப்பட்டன. 1914ல் போர் வந்ததும் வாங்க ஆள் இல்லாமல் கட்டைகள் குவிந்தன. இன்ஸ்டிடியூட்டின் வேதியியலாளர்கள் சட்பரோவும் வாட்சனும் எண்ணெயை இங்கேயே வடிக்கும் முறையை உருவாக்கினார்கள். 1916ல் மைசூர் அரசு அதற்கு ஆலை போட்டது. நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் மைசூர் சாண்டல் சோப்பின் ஆரம்பம் அங்கேதான்.

1933ல் சர் சி.வி. ராமன் இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். வந்ததும் இயற்பியல் துறையை ஆரம்பித்தார். ஹிட்லருக்குப் பயந்து ஜெர்மனியை விட்டு வெளியேறிய விஞ்ஞானிகளை இங்கே கொண்டுவந்து சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. எனக்கு இது மிகப் பெரிய யோசனையாகத் தெரிகிறது. 1935ல் மாக்ஸ் பார்ன் சில மாதங்களுக்கு வந்தார். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் முயன்றபோது, பேராசிரியர்கள் கூட்டத்தில் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டில் இருந்து துரத்தப்பட்ட இரண்டாம் தர ஆள் நமக்குத் தேவையில்லை என்கிற மாதிரிப் பேசினார். பார்ன் அப்போது அங்கேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய் அழுததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த 'இரண்டாம் தர' ஆளுக்கு 1954ல் நோபல் பரிசு கிடைத்தது. பெங்களூர் இழந்ததை எடின்பரோ பல்கலைக்கழகம் பெற்றுக்கொண்டது.

ராமன் மேல் புகார்கள் சேர்ந்தன. மற்ற துறைகளின் பணத்தையும் கவனத்தையும் இயற்பியலுக்கு இழுக்கிறார் என்றது 1936ல் வந்த விசாரணைக் குழு. அதில் உண்மையும் இருந்திருக்கும், அவர் எல்லோரிடமும் அனுசரித்துப் போகும் மனிதர் இல்லை. 1937ல் இயக்குநர் பதவியை விட்டு விலகி, 1948 வரை பேராசிரியராக மட்டும் இருந்தார்.

ராமனைப் பற்றி இந்த அளவில் நிறுத்தினால் பாதி உண்மைதான். அவர் இயக்குநரான அதே 1933ல் பம்பாயில் இருந்து கமலா பகவத் என்ற பெண் விண்ணப்பித்தார். பின்னாளில் கமலா சோஹோனி. பி.எஸ்சி.யில் முதலிடம். அப்பாவும் சித்தப்பாவும் இதே இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக ராமன் இடம் தர மறுத்தார். கமலா நேரில் வந்து, விடமாட்டேன் என்று நின்றார். கடைசியில் நிபந்தனை போட்டுச் சேர்த்தார்கள்: முதல் வருடம் தற்காலிகம்தான், ஆண் ஆய்வாளர்களின் கவனம் சிதறக் கூடாது. ஆண்களின் கவனத்துக்கு அந்தப் பெண் பொறுப்பு! சீனிவாசய்யாவின் கீழ் பால், பருப்பு வகைகளில் உள்ள புரதங்களை ஆராய்ந்து 1936ல் எம்.எஸ்சி. முடித்தார். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் போய் 1939ல் முனைவர் பட்டம் வாங்கினார். அகதி விஞ்ஞானிக்காகச் சண்டை போட்டவரும், வாசலில் நின்ற பெண்ணைத் திருப்பி அனுப்பப் பார்த்தவரும் ஒரே ஆள். கமலா கடைசி வரை அதை மறக்கவில்லை, வயதான பின்னும் மேடையில் சொன்னார்.

கமலாவுக்குப் பின் பெண்களுக்கு இடம் கிடைத்தது. 1940ல் அன்னா மணி ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்து வைரம், மாணிக்கக் கற்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். அப்போது இன்ஸ்டிடியூட் சொந்தமாகப் பட்டம் தர முடியாது. ஆய்வேடு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. எம்.எஸ்சி. படிக்கவில்லை என்று காரணம் சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் வானிலை ஆய்வுக்குப் போய்ப் பெயர் பெற்றார். 1958ல்தான் ஐ.ஐ.எஸ்.சி.க்கு நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்தும், தானே பட்டம் தரும் உரிமையும் வந்தன.

அதற்குப் பின் வந்த வரலாறு பலருக்கும் தெரியும். போரால் இங்கிலாந்து திரும்ப முடியாமல் ஹோமி பாபா இங்கே வந்து காஸ்மிக் கதிர் ஆய்வு செய்தார். 1942ல் விமானப் பொறியியல் துறை வந்தது. பிற்பாடு இயக்குநரான சதீஷ் தவான், 1972ல் இஸ்ரோ தலைவர் பதவிக்கு அழைத்தபோது இன்ஸ்டிடியூட்டை விட மாட்டேன் என்று சொல்லி இரண்டையும் சேர்த்தே பார்த்தார். புரத அமைப்பில் பெரும்பணி செய்த ஜி.என். ராமச்சந்திரனும் சென்னையில் இருந்து இங்கே வந்து ஒரு துறையை உருவாக்கினார். நூறு வருடம் பட்டதாரிகளுக்கு மட்டுமே இருந்த இடத்தில் 2011ல்தான் பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் படிப்பு ஆரம்பித்தது.

பாட்ஷாவின் மருத்துவப் பிரிவு? 2022 பிப்ரவரியில் இரண்டு தம்பதிகள் சேர்ந்து 425 கோடி ரூபாய் நன்கொடை தருவதாக அறிவித்தார்கள். வளாகத்துக்குள்ளேயே 800 படுக்கை ஆஸ்பத்திரியோடு முதுநிலை மருத்துவக் கல்வி தொடங்க அந்தப் பணம். திட்டத்தாளில் அந்தத் துறை எழுதப்பட்டு அப்போது 120 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.