வூஸ்டர் நகரத்து வாழ்த்து அட்டைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைவேலை என்று விற்கப்பட்ட வாழ்த்து அட்டை முழுக்கக் கையால் ஆனதல்ல. அடித்தாள், ஓரத்து லேஸ், நடுவில் ஒட்டிய பூ, உள்ளே வைத்த செய்யுள் எல்லாமே அச்சுக்கூடத்திலிருந்து வந்தவை. அவற்றைப் பொறுக்கி, வெட்டி, அடுக்கி, ஒட்டுவதே கைவேலை. அமெரிக்காவில் அந்த வேலையைப் பெருந்தொழிலாக வளர்த்த ஊர்களில் முதன்மையானது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர். அங்கே செய்யப்பட்டவை பிப்ரவரி 14-க்கான வாலண்டைன் அட்டைகள்.

அட்டை அடுக்கடுக்காக வளர்ந்ததற்குத் தபால் கட்டணமும் ஒரு காரணம். முன்பெல்லாம் பிரிட்டனில் கடிதம் போகும் தூரத்தையும் அதிலுள்ள தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் வாங்கினார்கள். உறைகூட ஒரு தாளாகக் கணக்கில் சேர்ந்தது. 1840 ஜனவரி 10-ல் ஒரு பென்னி தபால் நடைமுறைக்கு வந்தது. அரை அவுன்ஸுக்கு மிகாத கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னியில் போனது. அமெரிக்காவும் 1845-ல் தாள் கணக்கைக் கைவிட்டு எடைக் கணக்குக்கு மாறியது. மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உறையிலிட்டு அனுப்புவது அதன்பின் கட்டுப்படியாகும் செலவாயிற்று.

அடுக்குகளில் கண்ணைக் கவர்ந்தது லேஸ் காகிதம். பூவும் கொடியும் செதுக்கிய உலோக அச்சில் தாளை வைத்து அழுத்தினால் அந்த உருவங்கள் புடைத்து நிற்கும். புடைப்பின் மேற்பரப்பை அரத்தால் தேய்த்தெடுத்தால் அந்த இடங்களில் துளை விழுந்து, தாள் பின்னல் துணி போலாகிவிடும். இந்த முறையை 1834-ல் லண்டனில் கண்டறிந்தவர் ஜோசப் அடன்புரூக் என்று சொல்லப்படுகிறது. லேஸ் காகிதம் நெடுநாள் இங்கிலாந்திலிருந்தே அமெரிக்காவுக்குப் போனது.

வூஸ்டரில் புத்தகக்கடையும் எழுதுபொருள் கடையும் நடத்திய குடும்பத்தில் 1828-ல் பிறந்தவர் எஸ்தர் ஹவ்லண்ட். மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்விக்கூடத்தில் 1847-ல் படிப்பை முடித்தார். தந்தையின் வணிகத் தொடர்பில் இருந்த ஒருவர் வழியாக இங்கிலாந்து வாலண்டைன் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று எண்ணியவர் லேஸ் காகிதமும் வண்ணத்தாள்களும் தருவித்து, பன்னிரண்டு மாதிரிகள் செய்தார். கடைச் சரக்கு விற்கப் பயணம் போன அண்ணன் அவற்றையும் எடுத்துப் போனார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்றிருந்த எஸ்தருக்கு 5,000 டாலருக்கும் மேல் ஆர்டர் வந்தது என்பது அத்தொழிலில் வழங்கிவரும் கதை.

அத்தனையையும் ஒருவர் செய்து முடிக்க இயலாது. எஸ்தர் தோழிகளைச் சேர்த்து, வீட்டு மாடியில் வேலையைப் பங்கிட்டார். ஒருத்தி படங்களை வெட்டுவாள். அடுத்தவள் பின்னணித் தாளை அமைப்பாள். மற்றவள் லேஸையும் பூக்களையும் ஒட்டுவாள். ஒவ்வோர் அட்டையும் எஸ்தர் செய்து வைத்த மாதிரியை ஒட்டியே உருவானது. வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்பிய பெண்களுக்குத் தேவையான பொருள்கள் பெட்டியில் போயின. செய்து முடித்த அட்டைகளை ஒரு வாரம் கழித்து வண்டிக்காரர் திரும்ப எடுத்து வந்தார்.

எஸ்தரின் அட்டைகளுக்குச் சில தனி அடையாளங்கள் இருந்தன. வெள்ளை லேஸுக்கு அடியில் பளபளக்கும் சிறு வண்ணத்தாளை வைத்தார். துளைகள் வழியே நிறம் தெரிந்து, பின்னல் எடுப்பாகத் தெரிந்தது. விசிறி மடிப்பாக மடித்த தாள்துண்டுகளை இரண்டு அடுக்குகளுக்கு இடையே ஒட்டி மேல் அடுக்கை உயர்த்தினார். செய்யுளை முகப்பில் இடாமல் உள்பக்கம் ஒட்டினார். பல அட்டைகளின் பின்புறத்தில் சிவப்பு மையில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து சிறிதாக இருக்கும். பிற்காலத்தில் அவருடைய நிறுவனம் நியூ இங்கிலாந்து வாலண்டைன் கம்பெனி என்ற பெயரில் இயங்கியது. 1879-ல் வெளியிட்ட நூலில் செய்யுள்களை அச்சிட்டுத் தந்தது. வேண்டியதை வெட்டி, அட்டைக்குள் ஏற்கெனவே இருந்த செய்யுளின் மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸ் அட்டையின் பாதை வேறு. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் கேட்டுக்கொண்டபடி ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த அட்டை கல்லச்சில் அச்சாகி, கையால் வண்ணம் தீட்டப்பட்டு, ஒரு ஷில்லிங்குக்கு விற்றது. அதில் கைக்கு இருந்த பங்கு வண்ணம் மட்டுமே. வண்ணக் கல்லச்சு பரவியதும் அந்தப் பங்கும் போயிற்று. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வைத்து அச்சிட்ட பாஸ்டன் அச்சாளர் லூயி பிராங், 1870-களின் நடுவில் கிறிஸ்துமஸ் அட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1890-களில் ஜெர்மனியிலிருந்து வந்த மலிவான அட்டைகள் அவரையும் அந்த வணிகத்திலிருந்து விலக்கின.

தந்தையின் உடல்நலம் குன்றியபோது அவரைக் கவனிக்க எண்ணி, 1881-ல் எஸ்தர் தொழிலை அதே ஊரின் ஜார்ஜ் விட்னிக்கு விற்றார். விட்னி புடைப்பு அச்சுக்கும் லேஸ் காகிதத்துக்கும் சொந்த எந்திரங்கள் நிறுவினார். இங்கிலாந்துத் தாளுக்குக் காத்திருக்கும் நிலை மாறியது. எந்திர வேலை பெருகப் பெருக அடுக்கி ஒட்டும் வேலை குறைந்தது. எஸ்தர் 1904-ல் காலமானார். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் விட்னி நிறுவனம் 1942-ல் மூடப்பட்டது.

தொழிலாக நின்றுபோன அந்த வேலை பொழுதுபோக்காக நீடிக்கிறது. இன்று கையால் அட்டை செய்பவர்கள் கெட்டி அட்டையை இரண்டாக மடித்து, அதைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டிய அச்சுத் தாளைப் பின்னணியாக ஒட்டி, மேலே படத்தையும் வாழ்த்து வரியையும் அமைக்கிறார்கள். படம் சற்றே உயர்ந்து நிற்க, விசிறி மடிப்புக்குப் பதிலாக இருபுறமும் ஒட்டும் பஞ்சு டேப்பைப் பயன்படுத்துகிறார்கள்.