உணர்விழந்த பாதங்கள் தந்த பாடம்

சுங்கை பூலோ என்றதும் இன்று பலருக்குப் பூச்செடித் தோட்டங்களும் 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரிய அரசு மருத்துவமனையும்தான் நினைவுக்கு வரும். அம்மருத்துவமனை எழுந்துள்ள நிலம் ஒரு காலத்தில் தொழுநோயாளர் குடியிருப்பைச் சேர்ந்தது. அன்றைய தொழுநோய்க்கும் இன்றைய இனிப்புநீர் நோய்க்கும் என்ன தொடர்பு? இரண்டையும் இணைப்பது வலி தெரியாத பாதம்.

1930ஆம் ஆண்டில், டாக்டர் டிராவர்ஸ் என்பவரின் முயற்சியால் இக்குடியிருப்பு உருவானது. நோய் கண்டவர்களைச் சட்டம் குடும்பத்திலிருந்து பிரித்து அங்கே தங்க வைத்தது. நீரடிமுத்து வகை மரத்தின் எண்ணெயே அன்றைய மருந்து. 1940களின் இறுதியில்தான் டாப்சோன் போன்ற புதிய மருந்துகள் வந்தன.

தொழுநோய்க் கிருமியைப் பெரும்பாலோரின் எதிர்ப்பு சக்தி வென்றுவிடுகிறது. ஒரு சிலருக்கு அச்சக்தி செயல்படாததால் கிருமி உடலெங்கும் பரவுகிறது. வேறு சிலருக்கோ எதிர்ப்பு சக்தி கடுமையாகப் போரிட்டு, அந்தப் போரில் சொந்த நரம்புகளையே சிதைத்துவிடுகிறது. மருந்தால் கிருமி ஒழிந்தாலும் முற்றும் கெட்டுப்போன நரம்பு மீள்வதில்லை.

விரல்கள் அழிவது ஏன்? நோய் சதையைத் தின்றுவிடுகிறது என்றே மக்கள் நம்பினர். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் உண்மையைக் கண்டறிந்தார். வலி தெரியாததால் தீக்காயமும் முள்குத்தும் கவனிக்கப்படாமல் போகின்றன. அந்தப் புண்களே விரல்களை அழிக்கின்றன. ஆகவே மெத்தென்ற ரப்பர் காலணி, புண்பட்ட பாதத்தின் மேல் பாரம் விழாமல் காக்கும் மாவுக்கட்டு ஆகியவை துணைச் சிகிச்சைகளாயின. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அதே முறைகளை இனிப்புநீர் நோயாளிகளின் பாதப் புண்களுக்கும் பயன்படுத்தினார்.

காரணம் எளிது. கட்டுப்படாத சர்க்கரையும் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. கிருமிகளை அழிக்கவேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. இரத்தக் குழாய்களும் குறுகுவதால் புண் ஆறுவதில்லை. காலில் குழாய் அடைத்தவருக்கு இருதயக் குழாயிலும் அடைப்பு இருக்கக்கூடும். எனவே பாதப் புண்ணை மாரடைப்புக்கான முன்னெச்சரிக்கையாகவும் மருத்துவர்கள் கருதுகின்றனர்.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உண்டு. இந்தியர்களிடையே இவ்விகிதம் இன்னும் அதிகம்.

அவர்கள் செய்யவேண்டியது கடினமானதன்று. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைக்கவேண்டும், புகைப்பதைக் கைவிடவேண்டும். இரவில் உறங்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கவேண்டும். குனிய முடியாத முதியவருக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பார்த்துச் சொல்லலாம். தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் சுடும் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடக்க எண்ணுவோர் முன்னதாக மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுவது நல்லது. கொப்புளம் கண்டால் அது வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மரத்த பாதத்தில் வலி வராமலே போகலாம்.

சுங்கை பூலோவில் வாழ்ந்தவர்களில் பலர் இந்த உண்மையைத் தாமதமாக அறிந்தனர். அவர்கள் காலத்தில் அதைச் சொல்ல ஆளில்லை. இன்று இருக்கிறார்கள்.