புல எண் சொல்லும் வரலாறு

பச்சைமலையின் அடிவாரத்திலே அமைந்தது எங்கள் அரும்பாவூர். 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களால் அதன் பெயரை வெளியூரார் அறிவர். நான் பேச வந்தது சிற்பத்தைப் பற்றியன்று; மண்ணைப் பற்றி. மாணவர்களே, வரலாறு என்றால் அரசர்களின் வரிசை என்று முப்பது ஆண்டுகள் வகுப்பிலே கற்பித்தவன் நான். ஓய்வு பெற்றபின் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்தேன். அதற்குள் வேறொரு வரலாறு கிடந்தது.

1801-இல் திருச்சிராப்பள்ளிச் சீமை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கம்பெனியார் வசமாயிற்று. பின்னர் தாமஸ் மன்றோ வற்புறுத்திய ரயத்துவாரி முறை பரவியது. அம்முறையிலே இடையில் ஜமீன்தார் இல்லை. பட்டா உழவன் பெயரிலேயே. தீர்வை கட்டுபவனும் அவனே. கட்டிவரும்வரை நிலத்தை விற்கலாம், ஈடு வைக்கலாம், பங்கிடலாம்.

பங்கிட்டார்கள். பாட்டனாருக்கு 9 ஏக்கர். மைந்தர் மூவருக்கும் ஆளுக்கு 3 ஏக்கர். 1984-இல் என் தந்தையார் தம் பங்கைத் தமையனாருக்கும் எனக்கும் ஒன்றரை ஏக்கராகப் பிரித்துப் பதிவு செய்தார். புல எண்ணின் உட்பிரிவு 2 என்றிருந்தது 2ஏ ஆகி, பிறகு 2ஏ1 ஆயிற்று. படிக்கத் தெரிந்தவனுக்கு அந்த எண்ணே வமிசாவளி! இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 1970-71-இல் 1.45 ஹெக்டேர்; 2015-16-இல் 0.75 ஹெக்டேர்.

கிணற்றைப் பிளந்து பங்கிட இயலாது. ஆகவே நாளைப் பங்கிட்டார்கள். என் பத்திரத்திலே கிணற்றில் 'ஆறில் ஒரு பங்கு'; அதாவது ஆறு நாளுக்கு ஒரு முறை நீர். கோடையிலே சின்ன வெங்காயம் வைத்தவர்க்கு மற்ற ஐந்து நாட்களின் நீளம் தெரியும்.

இங்கிலாந்தில் உயில் எழுதாது இறந்தவரின் நிலம், 1925-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, மூத்த மகனுக்கே போயிற்று. பிரான்சில் 1804-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு பெண்மக்களுக்கும் சமபங்கு அளித்தது. நம் வழக்கம் இரண்டுமன்று: ஆண்மக்களுக்கு நிலம், பெண்மக்களுக்குச் சீர்.

என் தமக்கையார் பெயர் 1984 பத்திரத்தில் எங்குமில்லை. பம்புசெட் வருமுன், விடியற்காலையில் அதே கிணற்றிலே கவலை மாடுகளை ஓட்டியவர் அவர். நான் பள்ளிக்குப் போனேன். 1979-இல் அவர் மணமாகிச் சென்றார். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. அதற்குமுன் மணமானவர்க்கு இல்லை. 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அத்தடையை நீக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொடவில்லை. ஆகச் சட்டப்படி நான் அவருக்கு எதுவும் தரவேண்டியதில்லை. அதை நினைத்துக்கொண்டே பல ஆண்டுகள் நிம்மதியாக உறங்கினேன்.

சென்ற ஆண்டு, என் பங்கிலே பாதியை, முக்கால் ஏக்கரை, எழுதித் தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.

"கிணற்றிலே முறை உண்டா, தம்பி?" என்றார்.

பன்னிரண்டில் ஒரு பங்கு என்று பத்திரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.