உச்சரிப்பும் இயந்திரமும்: ஒரு வரலாற்று நோக்கு

அயல்மொழி உச்சரிப்பைத் திருத்தும் கணினி மென்பொருள்கள் அண்மைக்காலத் தொழினுட்பத்தின் பேறாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆயின், அவற்றின் வரலாறு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்டதாகும். இயந்திரம் முதலிற் பேச்சை வரைந்தது. பின்னர் அதனைத் திருப்பி ஒலித்தது. ஈற்றில் அதன்மீது தீர்ப்பு வழங்கத் தொடங்கியது. இவற்றுள் இறுதிக் கட்டமே சமூகவியல் நோக்கில் ஆராயப்பட வேண்டியது என்பது எமது கருத்து.

1857 இல் பிரான்சில் லெயோன் ஸ்கொட் உருவாக்கிய கருவி, ஒலியலைகளைக் கரிபடிந்த தாளிற் கோடுகளாக வரைந்தது. அதனைத் திருப்பிக் கேட்பிக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. பேச்சைக் கண்ணாற் படிப்பதே அவர் வேண்டியது. அந்நாட்டின் ரூஸலோ பாதிரியார் இத்தகைய வரைகருவிகளைக் கொண்டு சோதனைமுறை ஒலியியலை நிறுவினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர் மாணவரான தியோடோர் ரோசே, கிரனோபிளுக்குப் பிரெஞ்சு கற்கவந்த அயல்நாட்டவரின் உச்சரிப்பைத் திருத்த அம்முறையைக் கையாண்டார். இன்றைய மென்பொருளின் கரு இங்குளது.

எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி 1877 இல் தோன்றியபின் நிலைமை மாறியது. பார்ப்பதைவிடக் கேட்டலும் திருப்பிச் சொல்லலுமே முதன்மை பெற்றன. 1957 இற் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதை அடுத்து, ஐக்கிய அமெரிக்கா 1958 இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, மொழி ஆய்வுகூடங்களுக்குப் பெருநிதி ஒதுக்கியது. உச்சரிப்புப் பயிற்சி பனிப்போரின் ஓர் அங்கமாயிற்று எனல் மிகையாகாது. எனினும், ஒலிநாடாவிலே தன் குரலைக் கேட்ட மாணவன் தன் பிழையைக் கேட்டானல்லன். தாய்மொழியின் ஒலியமைப்பு ஒரு சல்லடைபோற் செயற்படுகின்றது என ட்ருபெற்ஸ்கோய் 1939 இலேயே விளக்கியிருந்தார். ‘பம்பரம்’ என்ற சொல்லின் இரு பகரங்களும் ஒலிப்பால் வேறானவை. தமிழ்ச்செவி அவற்றை ஒன்றாகவே கொள்கின்றது. ஆங்கிலத்திலோ அவ்வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். கேளாத வேறுபாட்டை எத்தனை தடவை ஒலித்துக் காட்டினும் பயன் சிறிதே.

ஆகவே கண்ணின் துணை மீண்டும் வேண்டப்பட்டது. ஒல்லாந்த மாணவரின் ஆங்கில இசைப்பாங்கை ஆராய்ந்த டி பொட், செவிவழிப் பயிற்சியுடன் வரைபடமும் சேரும்போது முன்னேற்றம் மிகுதல் கண்டு 1983 இல் வெளியிட்டார். ஆயினும், அலைவரைபடத்தைப் படித்தறிதல் தானே ஒரு கலை. சாதாரண மாணவனுக்கு அது எளிதன்று.

இவ்விடத்திலேதான் இயந்திரம் நீதிபதியாகின்றது. 2000 ஆம் ஆண்டிற் சில்க்கே விற், ஸ்டீவ் யங் ஆகியோர் வெளியிட்ட முறை, மாணவன் எழுப்பிய ஒலி எதிர்பார்த்த ஒலியாக இருப்பதற்கான நிகழ்தகவைக் கணித்துப் புள்ளியிடுகின்றது. அக்கணிப்புக்கு அடிப்படை, முன்னரே திரட்டப்பட்ட பேச்சுப் பதிவுகளாகும். எவருடைய பேச்சு என்பதே வினா. பேர்னாட் ஷா 1913 இல் மேடையேறிய தம் ‘பிக்மாலியன்’ நாடகத்தில், பூக்காரியின் நாவைத் திருத்தும் ஒலியியலாளனின் அறையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தமை தற்செயலன்று. வர்க்கமே அங்கு உச்சரிப்பின் அளவுகோல். 2020 இல் ஐந்து பெருநிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை ஆராய்ந்தோர், வெள்ளை அமெரிக்கர் பேச்சிலே நூற்றுக்கு 19 சொற்களும் கறுப்பின அமெரிக்கர் பேச்சிலே 35 சொற்களும் பிழைபடுவதைக் கண்டனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கே இந்நிலையெனின், பிறர் நிலையைக் கூறவேண்டியதில்லை.

அயற்சாயல் மிகுந்த பேச்சும் முற்றாக விளங்கக்கூடும் என மன்றோவும் டேர்விங்கும் 1995 இலேயே காட்டியுள்ளனர். ஒற்றைப் புள்ளியாக வரும் தீர்ப்போ, விளங்காமையையும் சாயலையும் ஒருசேரத் தண்டிக்கின்றது. அண்மையில் இது மேலுமொரு படி சென்றுள்ளது. இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் தொலைபேசிச் சேவை நிலையங்களிற் பணிபுரிவோரின் குரலை, அவர்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே அமெரிக்கச் சாயலுக்கு மாற்றும் மென்பொருள்கள் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் ஊழியர் உச்சரிப்பைக் கற்கவேண்டியதில்லை.