பல்கலைக்கழகக் கூடைப்பந்தும் ஹாக்கியும் (செஞ்சி வட்டாரம்)

கூடைப்பந்து, ஹாக்கி ஆகிய இரண்டும் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆண்டுதோறும் நடக்கும் குழு ஆட்டங்கள். இரண்டிலும் ஒருசேரக் கோலோச்சும் பல்கலைக்கழகம் அரிது. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி வட்டாரத்தின் கலை அறிவியல் கல்லூரி மாணவர்கள் இன்று இப்போட்டிகளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சட்டையை அணிந்து ஆடுகிறார்கள். அதே தெருவில் இருந்து பொறியியல் படிக்கப் போனவர் அண்ணா பல்கலைக்கழகத்துக்காக ஆடுவார்.

மாறிய சட்டைகள்

செஞ்சி பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்துக் கல்லூரிகள் நெடுங்காலம் 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2002இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானதும் அதன் கீழ் வந்தன. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் சட்டமும் வந்துவிட்டது. 1929இல் நிறுவப்பட்டு 2013இல் அரசின் பொறுப்புக்கு வந்த அண்ணாமலை, அதுவரை இணைப்புக் கல்லூரிகள் இல்லாத நிறுவனம். இப்போது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டங்களின் கல்லூரிகளுக்கும் அதுவே தாய் நிறுவனம்.

பட்டச் சான்றிதழைப் பொறுத்தவரை இது முத்திரை மாறும் கதைதான். ஆட்டக்காரருக்கோ யாரோடு மோதி, யாரோடு சேர்ந்து ஆடப் போகிறார் என்பதே மாறிவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகக் காலத்தில் செஞ்சிப் பையன் அணியில் இடம்பிடிக்க லயோலா, கிறித்தவக் கல்லூரி மாணவர்களை முந்த வேண்டியிருந்தது. முந்துவது கடினம், முந்தினால் கிடைப்பது வலுவான அணி. இப்போது வாசல் அகலம். ஆனால் அணிக்குள் நுழைந்தபின் தென்மண்டலப் போட்டியில் அந்தப் பழைய சென்னையையே எதிரணியாகச் சந்திக்க நேரும்.

தேர்வு முறை

முதலில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதில் கண்ணில் பட்டவர்கள் செலக்‌ஷனுக்கு அழைக்கப்படுவார்கள்; அங்கிருந்து பயிற்சி முகாம், பிறகு பல்கலைக்கழக அணி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் (1925இல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாகத் தொடங்கியது) நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்துப் போட்டிகளை நடத்துகிறது. மண்டலத்தில் முதல் நான்கு இடம் பிடிப்பவை அகில இந்தியச் சுற்றுக்குப் போகும். எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து அதிகப் புள்ளி பெறும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956–57 முதல் வழங்கப்படுகிறது. 2020இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளில் இரு ஆட்டங்களும் உண்டு.

இடமும் தரையும்

இரண்டு ஆட்டங்களும் ஒரே கல்லூரியில் செழிக்காததற்கு முதற்காரணம் நிலக்கணக்கு. கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ஹாக்கி மைதானம் 91.4 மீட்டருக்கு 55 மீட்டர். பரப்பளவில் ஒரு ஹாக்கி மைதானத்துக்குள் ஏறத்தாழ 12 கூடைப்பந்துக் களங்கள் அடங்கும். களத்தில் இறங்குவோர் கூடைப்பந்தில் அணிக்கு ஐவர், ஹாக்கியில் பதினொருவர். சிமென்ட் தரையும் இரண்டு கம்பங்களும் இருந்தால் ஒரு சிறிய கல்லூரியின் பி.டி. மாஸ்டர் கூடைப்பந்து அணியை உருவாக்கிவிட முடியும்.

ஹாக்கியின் சிக்கல் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததோடு பெருகியது. பல கோடி ரூபாய் கேட்கும் டர்ஃப் மைதானம் கல்லூரிகளுக்கு எட்டாதது. மண் மைதானத்தில் துள்ளி வரும் பந்தைத் தடுத்து நிறுத்தவே பழகிய கை, நீர் தெளித்த டர்ஃபில் வழுக்கி வரும் பந்தின் வேகத்துக்கு முதல் ஆட்டத்திலேயே தடுமாறும். பயிற்சி மண்ணில், போட்டி டர்ஃபில் என்ற இந்த முரண்பாடுதான் உள்மாவட்டக் கல்லூரி ஹாக்கியைத் தேய்த்தது என்று சொல்வதில் மிகை இல்லை.

  

நாற்றங்கால்களும் எல்லைக்கோடுகளும்

ஒரு பல்கலைக்கழக அணியின் பலம் பெரும்பாலும் அதன் எல்லைக்குள் அமைந்த ஓரிரு ஊர்களின் பலமே. பஞ்சாபை எடுத்துக்கொள்ளலாம். ஹாக்கிக்குப் பேர்போன ஜலந்தர் அமிர்தசரஸின் குருநானக் தேவ் பல்கலைக்கழக எல்லைக்குள் வருகிறது. ஜலந்தரை ஒட்டிய சன்சார்பூர் என்ற ஒற்றைக் கிராமம் பல ஒலிம்பிக் ஆட்டக்காரர்களைத் தந்தது. கூடைப்பந்து அகாதமிக்குப் பேர்போன லூதியானாவின் கல்லூரிகளோ சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. 2015இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. அணித் தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியரான சத்னாம் சிங் அந்த அகாதமியில் வளர்ந்தவர். இரு ஊர்களுக்கும் இடையே அறுபது கிலோமீட்டர் அளவே தூரம். ஆனாலும் நடுவே எல்லைக்கோடு.

தமிழ்நாட்டிலும் இதே கதை. ஹாக்கி ஊரான கோவில்பட்டி, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக எல்லையில் இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைப் போட்டி அங்குதான் நடக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். அதே அணியில் ஆடிய அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர்தான். கூடைப்பந்துக்கு அகில இந்திய பி.எஸ்.ஜி. கோப்பையை நடத்தும் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகப் பகுதி. கோடைக்காலப் போட்டிக்குக் கூட்டம் திரளும் பெரியகுளம் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பகுதி.

இரண்டையும் ஒரே எல்லைக்குள் வைத்திருக்கும் வாய்ப்பு சென்னைக்கே அமைந்தது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, ஊர் ஊராக உடற்பயிற்சி ஆசிரியர்களையும் அவர்களோடு கூடைப்பந்தையும் அனுப்பியது. எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் ஹாக்கிக்கு; 2023 ஆகஸ்டில் இந்தியா மலேசியாவை 4–3 என வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது அங்கேதான். தெற்கு ரயில்வே, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகியவை இரு ஆட்டங்களுக்கும் அணி வைத்து வேலையும் தந்தன. கல்லூரி முடித்தவருக்கு அடுத்த படி பக்கத்துத் தெருவிலேயே இருந்தது.

செஞ்சிக்கு வடக்கே, சேத்துப்பட்டு வழியாகப் போனால் வரும் ஆரணியில் 1950இல் பிறந்தவர் வாசுதேவன் பாஸ்கரன். லயோலா கல்லூரியில் படித்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4–3 என வென்ற இந்திய அணிக்குத் தலைவர் அவர். இந்திய ஹாக்கியின் கடைசி ஒலிம்பிக் தங்கம் இன்றுவரை அதுவே. வடதமிழகத்துச் சிற்றூரில் பிறந்தவர் மேலேறச் சென்னைக் கல்லூரி எப்படி ஏணியானது என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று இந்த வட்டாரத்தில் கிடைக்காது.

வெளிநாட்டில்

அமெரிக்காவில் கல்லூரி ஹாக்கி என்றால் பனிக்கள ஹாக்கி. அங்கும் ஆடவர் கூடைப்பந்து, ஹாக்கி இரண்டிலும் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்ற முதல்நிலைப் பல்கலைக்கழகங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை: மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட், விஸ்கான்சின். மூன்றும் பனி கொட்டும் வடபகுதியில் அடுத்தடுத்த இரு மாநிலங்களில் இருக்கின்றன. கூடைப்பந்து நாடெங்கும் பரவிய ஆட்டம். ஹாக்கி குளிர் மாநிலங்களின் ஆட்டம். 2018இல் மிச்சிகன் ஒரே பருவத்தில் இரண்டிலும் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது. கூடைப்பந்து இறுதியில் வில்லனோவாவிடமும், ஹாக்கி அரையிறுதியில் நோட்ரடேமிடமும் தோற்றது.

இன்றைய வழிகள்

செஞ்சி மாணவருக்குப் பல்கலைக்கழகச் சட்டை மட்டுமே வழி அல்ல. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு தனியாக உண்டு. அதில் மாவட்ட அளவில் ஆடி மாநிலச் சுற்றுக்குப் போகலாம். எஸ்.ஆர்.எம்., இந்துஸ்தான் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கட்டணச் சலுகை தந்து கூடைப்பந்து ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. இணைப்புக் கல்லூரிகளின் எல்லைக்கோடு அவற்றைக் கட்டுப்படுத்தாது. பாதிக் களம் மட்டுமே கேட்கும் மூவர் கூடைப்பந்து டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமானபின் சிறிய கல்லூரிகளுக்கும் எட்டும் ஆட்டமாகிவிட்டது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்குப் போட்டிச் சான்றிதழ்கள் தேவைப்படுவதால், செலக்‌ஷன் நாளில் ஆட்டக்காரர்களோடு பெற்றோரும் கோப்புகளைச் சுமந்து வருகிறார்கள்.