ஒரு சொல்லும் இரு தன்மையும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதையில், மாந்தோப்புகள் சூழ்ந்த முதலமடையில், தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் வழங்குகின்றன. அங்கு ஒருவர் 'வெள்ளம்' வேண்டுமென்றால், புதிதாய்க் குடியேறிய தமிழர் ஆற்றுப் பெருக்கை எண்ணித் திகைப்பார்; கேட்டவருக்கோ குடிக்கத் தண்ணீர் போதும். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இத்தகைய மயக்கம் புதிதன்று. ஆனால் இதுபோன்றதொரு மயக்கம் கிறிஸ்தவ உலகைப் பல நூற்றாண்டுகள் பிளந்து வைத்ததும், இக்கணவாய்க்கு மேற்கேயுள்ள மிளகு நாட்டில் ஏடுகளை எரித்ததும் பலர் அறியாத வரலாறு.

கிறிஸ்து முழுமையான தெய்வம் என்பதை 325-ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய சங்கம் உறுதி செய்தது. அவர் மெய்யான மனிதர் என்பதும் சபையின் நம்பிக்கையே. அங்ஙனமாயின் பசித்தவர் யார், சிலுவையில் மாண்டவர் யார்? கான்ஸ்டாண்டினோப்பிளின் தலைமை ஆயரான நெஸ்டோரியஸ், மரியாளைக் 'கடவுளின் தாய்' என்பதினும் 'கிறிஸ்துவின் தாய்' என்பதே பொருந்தும் என்றார். அலெக்சாந்திரியாவின் சிரில் வெகுண்டெழுந்தார். ஒரே கிறிஸ்துவை இருவராக்கும் போதனை இது என்பது அவர் வாதம். 431-இல் எபேசு சங்கம் நெஸ்டோரியஸைக் கண்டித்தது. 451-இல் கால்சிடோன் சங்கம், ஒரே ஆளில் இரு தன்மைகள் கலவாமலும் பிரியாமலும் உள்ளன என வகுத்தது. எகிப்தியரும் சிரியரிற் பலரும் இதனை ஏற்காது, இணைந்த ஒரே தன்மை என்றனர்.

பாரசீகப் பேரரசில் வாழ்ந்த கிறிஸ்தவர்க்கு வேறொரு மொழி, சிரியாக். அதில் தன்மைக்குக் 'கியானா' என்றும், அத்தன்மை பொருந்திய தனிப்பொருளுக்குக் 'க்னோமா' என்றும், காணப்படும் ஆளுக்குப் 'பர்சோபா' என்றும் சொற்கள் உண்டு. கிறிஸ்துவில் கியானா இரண்டு, க்னோமா இரண்டு, பர்சோபா ஒன்றே என அவர்கள் முடிவு செய்தனர். மேற்கத்தியர் செவியில் 'க்னோமா' என்பது 'ஆள்' என்றே விழுந்தது. இரு கிறிஸ்துக்களை வணங்குவோர் என்ற பழி பிறந்தது. பூசல் முழுதும் சொல்லால் வந்ததென்று நாம் கூறோம். ஆயர்களின் போட்டியும் அரசுகளின் பகையும் அதில் கலந்திருந்தன.

மலையாளக் கரைக்கு ஆயர்களை அனுப்பிவந்தது இப்பாரசீகச் சபையே. 849-இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. சாட்சிகளோ பஹ்லவி, அரபு, எபிரேய எழுத்துக்களில் ஒப்பமிட்டனர். அந்நாளைய மிளகு வணிகர் க்னோமாவைப் பற்றி இராப்பகலாய் வாதிட்டிருப்பர் என்று நமக்குத் தோன்றவில்லை! சிரியாக் மொழியில் வழிபட்டனர். தம் முன்னோர் நெறியில் நின்றனர்.

போர்த்துகேசியர் வந்தபின் பழைய பழி மீண்டும் எழுந்தது. 1599 ஜூன் மாதத்தில் கோவாவின் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். நெஸ்டோரியஸ் சபிக்கப்பட்டார், மரியாளைக் 'கடவுளின் தாய்' என்றே அழைக்க ஆணை பிறந்தது. சிரியாக் ஏடுகள் ஒப்படைக்கப்பட்டுத் திருத்தப்பட்டன, பல தீக்கிரையாயின. ஓர் இனத்தின் பழைய நினைவே அவற்றோடு அழிந்தது, இவ்விழப்புக்கு ஈடில்லை.

அடங்கிக் கிடந்த சினம் 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் வெடித்தது. சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்து, இயேசு சங்கத்தாருக்கு இனிக் கீழ்ப்படியோம் என மக்கள் சூளுரைத்தனர். 1665-இல் அவர்களிடம் வந்தடைந்த மார் கிரகோரியோஸ், 'ஒரே தன்மை' என்னும் சிரியச் சபையைச் சேர்ந்தவர். கிறிஸ்துவை இருவராக்கியதாகப் பழிக்கப்பட்ட அம்மக்களில் ஒரு பகுதியினர், நேர் எதிர்க்கொள்கையினரின் தலைமையை நாளடைவில் ஏற்றனர். அவர்கள் தேடியது கொள்கையை அன்று, தமக்கென ஓர் ஆயரையே.

பழைய பாரசீகச் சபையின் வழி வந்தோர் இன்றும் திருச்சூரில் உள்ளனர். 1994 நவம்பர் 11 அன்று அச்சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் போப் இரண்டாம் யோவான் பவுலும் ரோமில் ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர். 'கடவுளின் தாய்', 'கிறிஸ்துவின் தாய்' என்னும் இரண்டும் ஒரே நம்பிக்கையின் மொழிகள் என்று அதில் இரு சபைகளும் ஏற்றுக்கொண்டன. உதயம்பேரூரில் ஏடுகள் ஒப்படைக்கப்பட்டு அப்போது 395 ஆண்டுகள் ஆகியிருந்தன.